கண்ணிமையில் வளரும் சிவப்பு மச்சம்: காத்திருக்கலாமா, கூடாதா?

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 26 வயதுத் தாய் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியவற்றை எடுத்துவிட்டு சாரத்தை மட்டும் தருகிறேன்.

முதல் குழந்தை, பெண். 36 வாரத்திலேயே பிறந்துவிட்டாள், பிறந்த எடை 2.1 கிலோ. இப்போது 9 வாரம், 3.4 கிலோ. பிறந்த அன்று இடது மேல் இமையில் கொசு கடித்த மாதிரி ஒரு சின்னப் புள்ளி இருந்திருக்கிறது. மூன்றாவது வாரத்தில் அது தடிக்க ஆரம்பித்து, இப்போது சுண்டைக்காய் அளவுக்குச் செக்கச்செவேலென்று புடைத்து நிற்கிறது. அந்தக் கண் பாதிதான் திறக்கிறது. இது போக, இடுப்புக்குக் கீழே முதுகில் நீலத் திட்டு ஒன்று, பிடரியில் இளஞ்சிவப்பாக ஒரு படலம். குழந்தையைக் குளிப்பாட்ட வந்த பாட்டி அந்த நீலத் திட்டைப் பார்த்துவிட்டு, "பச்சப்புள்ளைய யாரு கீழ போட்டது?" என்று எல்லார் முன்னிலையிலும் கேட்டுவிட்டாராம். மாமியார், "கிரகணத்தன்னைக்கு வெளிய வந்து கண்ணைக் கசக்குன, அதான் பிள்ளை கண்ணுல வந்து உக்காந்துருக்கு" என்கிறார். பெரியம்மா ஒருவர் லேசாகச் சூடு வைத்தால் அமுங்கிவிடும் என்கிறார். ஊரில் பார்த்த மருத்துவர், "இது தானாகப் போய்விடும், ஒரு வயது ஆகட்டும், பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டார். கணவர் திருப்பூரில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார்.

இது என் தப்பா, புற்றுநோயா, ஒரு வயது வரை காத்திருக்கலாமா, அடுத்த குழந்தைக்கும் வருமா என்று கேட்டிருக்கிறார். கடைசியில் தயங்கித் தயங்கி, குலதெய்வம் கோயிலில் முடி இறக்கிக் காது குத்தலாமா என்றும்.

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும் படமும் வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், ஏனென்றால் இந்த விஷயத்தில் ஒரு வாரம்கூட முக்கியம். இதே நிலையில் இருக்கும் மற்ற அம்மாக்களுக்கும் உதவட்டும் என்று அதையே இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்கள் குழந்தையின் உடம்பில் மூன்று அடையாளங்கள் இருக்கின்றன. வீட்டில் எல்லாரும் பதறுவது முதுகில் இருக்கும் நீலத் திட்டைப் பார்த்து, ஆனால் அதற்கு எந்த வைத்தியமும் வேண்டாம். "தானாகப் போய்விடும்" என்று தள்ளிவைத்த இமைதான் காத்திருக்கக் கூடாதது.

முதலில் இமை

படத்தில் பார்த்த வரையிலும் நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்தும் இது ஹீமாஞ்சியோமா என்கிற ரத்தக்குழாய்க் கட்டி என்றே நினைக்கிறேன். நேரில் பார்க்கும் மருத்துவர்தான் உறுதி செய்ய வேண்டும், ஆனால் கதை அப்படியே பொருந்துகிறது: பிறக்கும்போது ஒன்றுமில்லாத மாதிரி ஒரு புள்ளி, இரண்டு மூன்று வாரத்தில் தடிப்பு, பிறகு மளமளவென்று வளர்ச்சி. நூறு குழந்தைகளில் நான்கைந்து பேருக்கு இது வருகிறது. பெண் குழந்தைகளுக்கு அதிகம், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கும் எடை குறைவாகப் பிறந்தவர்களுக்கும் இன்னும் அதிகம். உங்கள் மகளுக்கு மூன்றுமே இருக்கிறது. இது புற்றுநோய் இல்லை. ரத்தக்குழாயின் உட்சுவரில் இருக்கும் செல்கள் ஓரிடத்தில் கூட்டமாகப் பெருகியிருக்கின்றன, அவ்வளவுதான். வேறு இடத்துக்குப் பரவாது.

உங்கள் ஊர் மருத்துவர் சொன்னது முழுக்கத் தவறில்லை. பெரும்பாலான ஹீமாஞ்சியோமாக்கள் தாமாகவே சுருங்கத்தான் செய்கின்றன. ஒரு வயதை ஒட்டி வெளுக்கத் தொடங்கி, நான்கு வயதுக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். இதே கட்டி முதுகிலோ கையிலோ இருந்திருந்தால் நானும் "விட்டுவிடுங்கள், மாதம் ஒரு படம் எடுத்து வையுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அடங்குவதற்கு முன்னால் அது வளர்கிறதே, அந்த வளர்ச்சி எப்போது நடக்கிறது என்று பாருங்கள். 5 முதல் 8 வாரத்துக்குள்தான் மிக வேகம், மூன்று மாதத்துக்குள் அது எட்டப்போகும் அளவில் ஏறக்குறைய 80 சதவீதத்தை எட்டிவிடும். நீங்கள் இப்போது அந்த ஓட்டத்தின் நடுவில் நிற்கிறீர்கள்.

இமையில் என்ன ஆபத்து? பிறந்த குழந்தைக்குக் கண் இருக்கிறதே தவிர, தெளிவாகப் பார்க்கத் தெரியாது. இந்த முதல் மாதங்களில்தான் மூளை இரண்டு கண்ணிலிருந்தும் வரும் படத்தை வாங்கிச் சேர்த்துப் பார்க்கப் பழகுகிறது. ஒரு கண்ணை இமை மூடிக்கொண்டிருந்தால், அல்லது கட்டியின் கனம் விழியை அழுத்தி அதன் வளைவை மாற்றிவிட்டால், அந்தக் கண்ணிலிருந்து மங்கலான படம்தான் போகும், மூளை மெல்ல மெல்ல அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். சோம்பேறிக் கண் என்று சொல்வார்களே, அதுதான். நான்கு வயதில் கட்டி அழகாகச் சுருங்கிவிடும், ஆனால் போன பார்வை முழுதாகத் திரும்பும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் அவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டிலேயே ஒன்று செய்து பாருங்கள். குழந்தை பால் குடித்து விழித்துத் தெளிவாக இருக்கும் நேரத்தில் மடியில் மல்லாக்கப் போட்டுக்கொண்டு, முதலில் உங்கள் உள்ளங்கையால் வலது கண்ணை மறையுங்கள், அப்புறம் இடது கண்ணை. நல்ல கண்ணை மறைக்கும்போது மட்டும் அவள் முகத்தைத் திருப்பி அழுதால், கையைத் தட்டிவிடப் பார்த்தால், இமைக்கட்டி உள்ள கண் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம். அழவில்லை என்பதற்காக நிம்மதியாகி இருந்துவிடாதீர்கள், விழியின் வளைவு மாறியிருக்கிறதா என்பது கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

என்ன வைத்தியம்

நல்ல மருந்து இருக்கிறது, அது கிடைத்த விதமும் உங்களுக்குத் தைரியம் கொடுக்கும். பிரான்சின் போர்தோ நகரத்தில் மூக்கில் பெரிய ஹீமாஞ்சியோமா இருந்த ஒரு குழந்தைக்கு ஸ்டீராய்டு கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அதனால் இதயத் தசை தடிக்கவே, இதயத்துக்காகப் புரோப்ரனலால் என்கிற பழைய மருந்தைத் தொடங்கினார்கள். மறுநாளே கட்டியின் செக்கச்சிவப்பு மங்கி, தொட்டால் மெத்தென்று ஆகிவிட்டது. குழந்தைகளுக்கான தோல் மருத்துவர் கிறிஸ்டீன் லெயோத்தே-லாப்ரேசும் அவர் குழுவும் 2008-இல் இதை எழுதினார்கள், 2014-இல் அமெரிக்க மருந்து ஆணையமே இந்த நோய்க்கென்று அனுமதி கொடுத்தது. இன்று உலகம் முழுக்க இதுதான் முதல் மருந்து, விலையும் குறைவு.

குழந்தையின் எடைக்கு ஏற்ப அளவு கணக்கிட்டு, வாய்வழியாக, குறைந்தது ஆறு மாதம் கொடுப்பார்கள், பல குழந்தைகளுக்கு ஒரு வயது வரை நீளும். தொடங்கும் முன் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், இதயம், மூச்சு எல்லாம் பார்ப்பார்கள். உங்கள் மகள் குறைமாதம் என்பதால் அவள் வயதை 9 வாரம் என்று எடுக்காமல் 5 வாரம் என்றே மருத்துவர்கள் கணக்கில் வைப்பார்கள். அதனால் இரண்டு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்து வைத்துத் தொடங்கலாம் என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள், அது எச்சரிக்கைக்காக.

இந்த மருந்தில் நீங்கள் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு, அதுதான் சர்க்கரை. வெறும் வயிற்றில் கொடுத்தால் குழந்தையின் ரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம். பால் குடிக்கும்போதோ குடித்த உடனேயோதான் மருந்து, இரண்டு வேளை என்றால் இடையில் 9 மணி நேரமாவது இருக்கட்டும். இரவில் நீண்ட நேரம் பால் குடிக்காமல் தூங்கவிடாதீர்கள், எழுப்பிக் கொடுங்கள். வாந்தி எடுத்தால், பால் குடிக்க மறுத்தால், சளி பிடித்து மூச்சு இழுத்தால் அந்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். விட்டுப்போன வேளைக்குச் சேர்த்து இரட்டிப்பாகக் கொடுக்கவே கூடாது. குழந்தை துவண்டு போனால், உடம்பு சில்லிட்டு வியர்த்தால், வெட்டி வெட்டி இழுத்தால் உடனே ஆஸ்பத்திரி. பயமுறுத்தவில்லை, தெரிந்து வைத்துக்கொண்டு கொடுத்தால் வீட்டிலேயே நிம்மதியாகக் கொடுக்கக்கூடிய மருந்துதான். ஊசியில்லாத சிரிஞ்சில் எந்தக் கோடு வரை உறிஞ்ச வேண்டும் என்பதை நர்ஸ் முன்னால் நீங்களே ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். மாமியாரும் கூட நின்று பார்க்கட்டும், நீங்கள் அசந்து தூங்கும் இரவில் அவர்தானே இருப்பார். வசம்பு, உரைமருந்து ஏதாவது கொடுப்பதாக இருந்தால் அதை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்.

சின்னதாக, மேலோட்டமாக இருக்கும் கட்டிகளுக்கு டிமோலால் என்கிற கண் சொட்டு மருந்தை மேலே தடவுவதும் உண்டு. கண்ணை மூடும் அளவுக்கு வந்துவிட்ட கட்டிக்கு அது மட்டும் போதாது என்பது என் எண்ணம். லேசர் இந்தக் கட்டத்தில் வேண்டாம், பிற்காலத்தில் தோலில் சிவப்பு மிச்சம் இருந்தால் யோசிக்கலாம்.

சூடு வேண்டவே வேண்டாம்

பெரியம்மா பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் அந்தக் கட்டி முழுக்க ரத்தம். நான் பயிற்சி மருத்துவராக இருந்தபோது உதட்டோரத்தில் இதே கட்டியோடு ஒரு நான்கு மாதக் குழந்தை வந்தது. மஞ்சள் கிழங்கைச் சுட்டு வைத்திருந்தார்கள். கட்டி அமுங்கவில்லை, நடுவில் புண்ணாகி, சீழ் கட்டி, ஒவ்வொரு முறை மார்பில் வாய் வைக்கும்போதும் குழந்தை வீறிட்டது. அந்த அம்மா முந்தானையால் அதன் வாயோரத்தை ஒற்றி ஒற்றி எடுத்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. இமைத்தோலோ வெங்காயச் சருகு போல மெல்லியது, அங்கே தழும்பு விழுந்தால் இமை இழுத்துக்கொண்டு கண்ணை மூடவே முடியாமல் போகலாம். சூடு, சுண்ணாம்பு, முடி சுற்றிக் கட்டுவது, எதுவும் வேண்டாம். நகம் பட்டு ரத்தம் வந்தால் சுத்தமான துணியை வைத்து, விழியில் அழுத்தம் விழாமல், பத்து நிமிடம் எடுத்துப் பார்க்காமல் பிடித்திருங்கள். நிற்காவிட்டால் கிளம்பிவிடுங்கள்.

முதுகில் இருக்கும் நீலம்

நம் ஊர்க் குழந்தைகளில் ஏராளமானவர்களுக்கு இது இருக்கும், பல வீடுகளில் கவனிப்பதே இல்லை. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் கருவிலேயே நரம்புத் தண்டின் ஓரத்தில் பிறந்து, அங்கிருந்து நடந்து வந்து தோலின் மேலடுக்கில் குடியேறுகின்றன. சில செல்கள் வழியிலேயே, தோலின் அடியடுக்கில் தங்கிவிடும். அவற்றில் இருப்பது கருப்பு நிறமிதான், ஆனால் ஆழத்தில் இருப்பதால் மேலே நமக்கு நீலமாகத் தெரிகிறது. உங்கள் கையில் நரம்பு நீலமாகத் தெரிகிறதே, அந்த மாதிரி. 1885-இல் ஜப்பானில் பணிபுரிந்த ஜெர்மன் மருத்துவர் எர்வின் பெல்ட்ஸ் இதற்கு மங்கோலியத் திட்டு என்று பெயர் வைத்தார், இன்று பலரும் அந்தப் பெயரைத் தவிர்க்கிறார்கள். பள்ளிக்குப் போகும் வயதுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும்.

அடிபட்ட கன்றலுக்கும் இதற்கும் வித்தியாசம் எளிது. கன்றல் தொட்டால் வலிக்கும், நாலைந்து நாளில் பச்சை, மஞ்சள் என்று மாறி இரண்டு வாரத்தில் மறையும். இது வலிக்காது, மாதக்கணக்கில் நிறமும் மாறாது. பாட்டி அப்படிக் கேட்டபோது நீங்கள் எவ்வளவு கூனிக்குறுகிப் போயிருப்பீர்கள் என்று புரிகிறது. அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது இதைத் தடுப்பூசி அட்டையில் எழுதித் தரச் சொல்லுங்கள், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு யார் கேட்டாலும் காட்ட ஒன்று இருக்கும். முதுகெலும்பின் நடுக்கோட்டில் குழியோ, முடிக்கற்றையோ, வீக்கமோ கூட இருந்தால் மட்டும் சொல்லுங்கள், அதற்கு ஸ்கேன் தேவைப்படும். உங்கள் படத்தில் அப்படி எதுவும் இல்லை.

பிடரியில் இருக்கும் இளஞ்சிவப்பு இன்னும் சாதாரணம். விரிந்த நுண்ணிய ரத்தக்குழாய்கள், அழும்போது அடர்த்தியாகும், அழுத்தினால் வெளுக்கும். நெற்றியில் வந்தால் ஓரிரு வருடத்தில் மறையும், பிடரியில் வந்தது சிலருக்கு ஆயுசுக்கும் இருக்கும், முடி மறைத்துவிடும். உங்கள் பிடரியையே யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள், உங்களுக்கும் இருக்கலாம்.

கிரகணம் இல்லை என்றால், ஏன்?

நீங்கள் கிரகணத்தன்று கண்ணைக் கசக்கியதால் இது வரவில்லை. குங்குமப்பூ குறைவாகச் சாப்பிட்டதாலோ, ஆசைப்பட்டது கிடைக்காததாலோ, முன்ஜென்மக் காயத்தாலோ எதுவும் வருவதில்லை. நம் ஊரில் மட்டுமல்ல, பல நாடுகளிலும் அம்மா எதையாவது பார்த்தாள், தொட்டாள், பயந்தாள் என்றுதான் பிறவி மச்சத்துக்குக் காரணம் சொல்லி வந்திருக்கிறார்கள், பழி எங்கு போனாலும் பெண்மேல்தான் விழுந்திருக்கிறது. எனக்கு இதில் கோபம் வராமல் இல்லை.

உங்கள் பக்கத்தில் சின்னாளப்பட்டி இருக்கிறதே, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். சாயத்தில் முக்குவதற்கு முன்பே எங்கெங்கே முடிச்சு விழுந்ததோ அங்கெல்லாம் பிரிக்கும்போது புள்ளி தெரியும். பல பிறவி அடையாளங்கள் அப்படித்தான் உருவாகின்றன. கரு உருவாகும் நேரத்தில் செல்கள் கோடிக்கணக்கில் பிரிகின்றன, அதில் ஏதோ ஒரு செல்லின் மரபணுவில் ஒரு எழுத்து மாறிவிடுகிறது, அந்தச் செல்லிலிருந்து வந்த தோல் மட்டும் வேறு மாதிரி இருக்கிறது. ஒயின் நிறத்தில் தட்டையாக இருக்குமே, சோவியத் தலைவர் கோர்பச்சேவின் நெற்றியில் இருந்ததே, அந்த வகைக்குக் காரணம் கிநாக் என்ற ஒரே மரபணுவில் நேரும் மாற்றம் என்று 2013-இல் கண்டுபிடித்தார்கள். ஆயிரத்தில் மூன்று குழந்தைகளுக்கு வரும் அது தானாக மறையாது, நெற்றியிலோ இமையிலோ இருந்தால் கண் அழுத்தமும் மூளையும் பார்க்க வேண்டும். அந்த மாற்றம் அப்பா அம்மாவிடமிருந்து வந்ததும் இல்லை, அடுத்த பிள்ளைக்குப் போவதும் இல்லை.

உங்கள் மகளுடைய கட்டி வேறு வகை. அதன் செல்களில் இருக்கும் ஒரு புரதம் நஞ்சுக்கொடியின் ரத்தக்குழாய்களிலும் இருப்பதை 2000-இல் பார்த்தார்கள். கருவில் பிராணவாயு கொஞ்சம் குறைவாகப் போனதுதான் இந்தச் செல்களைத் தூண்டுகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் பலர் கருதுகிறார்கள், குறைமாதக் குழந்தைகளுக்கு அதிகம் வருவதும் அதோடு ஒத்துப்போகிறது. அடுத்த குழந்தைக்கும் வரும் என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒரு குழந்தையோடு நின்றுவிடும்.

மாமியாரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். ஆஸ்பத்திரிக்கு அவரையும் கூட்டிப் போங்கள். நீங்கள் சொன்னால் எதிர்த்துப் பேசுவதாகத் தெரியும், மருத்துவர் சொன்னால் கேட்பார்.

எங்கே, எப்போது

கணவர் வரும் வரை காத்திருக்காதீர்கள், நாளைக்கே கிளம்புங்கள். உங்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை பக்கம், அங்கே குழந்தைகள் பிரிவு, தோல் பிரிவு, கண் பிரிவு மூன்றும் இருக்கின்றன. குழந்தைகள் கண் மருத்துவரும் தோல் மருத்துவரும் இருவரும் பார்க்க வேண்டும், ஒருவர் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். பிரசவச் சீட்டு, எடை எழுதிய அட்டை, பிறந்த நாளிலிருந்து போனில் இருக்கும் படங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். தேதியோடு அடுத்தடுத்து இருக்கும் அந்தப் படங்கள் எந்தப் பரிசோதனையையும் விடப் பயன்படும். போவதற்கு முன் குழந்தையின் உடுப்பை முழுக்கக் கழற்றித் தலைமுடிக்குள், அக்குளில், தொடையிடுக்கில் எல்லாம் பாருங்கள். இதே மாதிரி சிவப்புப் புள்ளிகள் ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் வயிற்று ஸ்கேன் எடுத்துக் கல்லீரலையும் பார்ப்பார்கள். காபி நிறத்தில் தட்டையான திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ இருந்தாலும் சொல்லுங்கள், அது வேறு கணக்கு. யாராவது மறுபடியும் "ஒரு வயசாகட்டும்" என்றால், "கண் பாதிதான் திறக்குது, பார்வை பாதிக்காதா?" என்று இந்த வார்த்தைகளிலேயே கேளுங்கள்.

முடி இறக்குவதும் காது குத்துவதும் தாராளமாகச் செய்யலாம், மருந்து தொடங்கி ஒன்றிரண்டு மாதம் போகட்டும். அன்றைக்குக் குழந்தை பசியோடு இருக்கக் கூடாது, அது ஒன்றுதான். படத்தில் இரண்டு கண்ணுக்கும் மை தீட்டியிருக்கிறீர்கள், அதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். திருஷ்டிப் பொட்டு வைக்காமல் இருக்க மாமியாருக்கு மனசு வராது என்றால் உள்ளங்காலில் வைக்கச் சொல்லுங்கள்.